கட்டைவிரல் பக்கம்

நம் வயதுக்காரர்களுக்கு டெக் என்றால் விளக்கம் தேவையில்லை. என் மகளுக்குத்தான், வீடியோ கேசட் போட்டு டிவியில் படம் பார்க்கும் பெட்டி என்று சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது. போன வாரம் அவள் போனைச் சுவரில் சாய்த்துவைத்துக்கொண்டு, பின்னாலிருந்து யாராவது கழுத்தை வளைத்தால் எப்படித் திமிறி வெளியே வருவது என்று ஒரு பெண் சொல்லித்தருவதைப் பார்த்துத் தானும் செய்துகொண்டிருந்தாள். நான் நின்று பார்த்தேன். "உனக்கு இதெல்லாம் புரியாதும்மா" என்றாள். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லலாம். உங்கள் வீட்டிலும் அப்போது ஒரு டெக் இருந்திருக்கும். இல்லையென்றால் டெக் இருந்த வீட்டின் ஜன்னல் கம்பியில் தொங்கியிருப்பீர்கள்.

எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். அப்பா கோர்ட்டில் குமாஸ்தா. அம்மாவுக்குச் சிதம்பரத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை. காலையில் சாப்பாட்டுக் கூடையோடு பஸ் ஏறினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வீடு திரும்புவாள். நான் ஒரே பெண்.

அப்பாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் கெட்டவர் இல்லை. நாள் முழுவதும் அடிதடி, நகைப் பறிப்பு, பொய்க் கையெழுத்து என்று மனுக்களையே படித்துப் படித்து, அவருக்கு ஊரில் இருப்பவர்கள் இரண்டே வகையாகிவிட்டார்கள். மாட்டிக்கொண்டவர்கள், இன்னும் மாட்டிக்கொள்ளாதவர்கள். பால்காரர் தண்ணீர் கலக்கிறாரோ என்று எல்லா அப்பாக்களும் சந்தேகப்படுவார்கள். எங்கள் அப்பா, இன்றைக்கு ஏன் கலக்கவில்லை என்று சந்தேகப்படுவார். தபால்காரர் சிரித்தால் ஏன் சிரித்தார் என்பார். வாசல் கதவுக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றும் நடுவில் ஒன்றுமாகத் தாழ்ப்பாள். சினேகிதிகள் என்னைக் கூப்பிட்டால், நான் மூன்றையும் திறந்து வெளியே போவதற்குள் அவர்கள் தெருக்கோடிக்குப் போயிருப்பார்கள்.

நான் ஏழாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதி முடித்த லீவில் இது நடந்தது. கோர்ட்டுக்கு ஒரு வழக்கு வந்திருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்த ஒரு டீச்சரை, ரயில்வே கேட் பக்கத்தில் ஒருவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்திருக்கிறான். அப்பா அன்று வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் அதைச் சொன்னார். சொல்லும்போது அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "நீ வேணா வேலைய விட்டுடேன்" என்றார். அம்மா களைந்த தண்ணீரை வடித்தாள். அந்தப் பேச்சு எங்கள் வீட்டுக்குப் புதிது இல்லை. பஸ் லேட்டானால் வரும், மழை பெய்தால் வரும், அம்மா அலுவலகத்தில் யாராவது ஒருவரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னாலும் வரும்.

டெக் எங்களுடையது இல்லை. சிங்கப்பூரில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, தன் வீட்டைக் கட்டி முடிக்கும்வரை இருக்கட்டும் என்று விட்டுவிட்டுப் போனது. அதன் மேல் அம்மா பின்னிய வெள்ளை நூல் விரிப்பு ஒன்று கிடக்கும். கேசட் போட்டால் முதலில் உள்ளே எங்கோ ஒரு கடகடப்பு, பிறகு ஒரு பெருமூச்சு, சூடான பிளாஸ்டிக் வாசனை, அப்புறம்தான் படம். மாமா விட்டுப்போன கேசட்டுகளில் ஒன்றில் மட்டும் எதுவும் எழுதி ஒட்டியிருக்காது. அப்பாவுக்கு அதன் மேல் வெகு நாளாகச் சந்தேகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னைக் கொல்லைப்பக்கம் போகச் சொல்லிவிட்டு அதைப் போட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார்.

மீசை வைத்த ஒரு வெள்ளைக்காரர் நீலச் சட்டை, நீலக் கால்சட்டையோடு நின்றிருந்தார். பக்கத்தில் முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு பெண். அவர் அவள் கையைப் பிடிப்பார், அவள் விடுவித்துக்கொள்வாள். தோளைப் பிடிப்பார், அவள் முழங்கையால் இடிப்பாள். லிஃப்டுக்குள் மடக்கினால் என்ன செய்வது, கார் நிறுத்தும் இடத்தில் வழிமறித்தால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். அந்தக் காலத்தில் கடலூரில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்ததில்லை. அப்பாவுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. "இதத்தான் தேடிக்கிட்டிருந்தேன்" என்றார்.

மறுநாள் மாலையிலிருந்து எங்கள் கூடத்தில் பயிற்சி தொடங்கியது. ஜன்னல்களைச் சாத்திவிடுவார். கோடையில் அந்தக் கூடம் எப்படி வெந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அம்மா கண்ணாடி வளையல்களைக் கழற்றி டிவி மேல் வைப்பாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்வாள். முதல் நாள் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அப்பா கோபித்துக்கொண்ட பிறகு சிரிக்கவில்லை.

அப்பாதான் திருடன். அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறவள். அப்பா திடுமென்று மணிக்கட்டைப் பிடிப்பார். அம்மா விடுவித்துக்கொள்ள வேண்டும். எப்படி என்பதுதான் தகராறு. வெள்ளைக்காரர் அதைக் கண் இமைக்கும் நேரத்தில் செய்துவிடுவார். அப்பா டெக்கை நிறுத்திப் படத்தை நிற்கவைப்பார். நின்ற படத்தில் குறுக்கே வெள்ளைக் கோடுகள் ஓடும். அந்தக் கோடுகள் எப்போதும் சரியாக அந்தக் கைகளின் மேலேதான் விழும். ஒரு தரம்கூட விரல்கள் தெரிந்ததில்லை. அப்பா தானாகவே ஒரு முடிவுக்கு வந்தார். பலத்தைக் கூட்டிப் பின்னால் இழுக்க வேண்டும். அம்மா இழுப்பாள். வராது. "பலம் பத்தல" என்று அப்பா சொல்லிவிட்டுத் தானாகக் கையை விடுவார். அம்மாவின் மணிக்கட்டு சிவந்திருக்கும்.

ஒரு நாள் இன்னொரு தகராறு வந்தது. படத்தில் அந்த வெள்ளைக்காரர் நேராக நம்மைப் பார்த்து ஏதோ சொன்னார். அப்பா தமிழில் சொன்னார், "முன்னப் பின்னத் தெரியாதவன்தான் வந்து கையப் புடிப்பான்னு சொல்றான். புரியுதா?" நான் கான்வென்டில் படித்தவள். எனக்குக் காதில் விழுந்தது வேறு. "இல்லப்பா, தெரிஞ்ச ஆளுன்னு சொல்றாரு. 'யூ நோ'ன்னாரு" என்றேன்.

"நோன்னா என்னா அர்த்தம்?"

"தெரியும்னு."

"நோன்னா இல்லன்னு அர்த்தம். இது தெரியாமதான் இவ்ளோ ஃபீஸ் கட்டுறனா?"

மறுபடி ஓட்டிக் கேட்கலாம் என்று ரிவைண்டை அழுத்தினார். டேப் உள்ளே சுற்றிக்கொண்டது. அதை விரலால் மெல்ல இழுத்து, பென்சிலால் சுற்றி, திரும்பப் போட்டபோது அந்த இடம் நசுங்கிப் போயிருந்தது. வெள்ளைக்காரரின் வாய் அசைந்தது, குரல் வரவில்லை. அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அதற்கு அப்புறம் ஒரு நாள் காலையில் அம்மா கொல்லையில் பித்தளைக் குடத்துக்குள் கையை விட்டுப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். குடத்தின் கழுத்தில் கை மாட்டிக்கொண்டது. இழுத்தாள், வரவில்லை. அப்படியே நிறுத்தினாள். மணிக்கட்டைத் திருப்பி, ஒல்லியான பக்கமாகக் கையை எடுத்தாள். வந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டு, தன் கையைப் பிடிக்கச் சொன்னாள். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். அம்மா இழுக்கவே இல்லை. முழங்கையை என் பக்கம் கொண்டுவந்து மணிக்கட்டைத் திருப்பினாள். அவள் கை என் விரல்களுக்குள் இருந்த சுவடே தெரியாமல் வெளியே போயிருந்தது. மறுபடி பிடித்தேன். மறுபடி போயிற்று.

"நாலு வெரலும் ஒரு பக்கம் பூட்டிக்குது. கட்டைவெரல் பக்கம் தெறந்தேதான் இருக்கு பாரு" என்றாள்.

அப்பாவிடம் சொல்ல ஓடினேன். அம்மா என் பாவாடையைப் பிடித்து நிறுத்தினாள். "சொல்ல வேணாம்."

அன்று மாலை அப்பா அவள் கையைப் பிடித்தார். அம்மா பழையபடி பின்னால் இழுத்தாள். முகத்தைச் சுளித்தாள். வரவில்லை. "பலம் பத்தல" என்றார் அப்பா. எனக்கு ஒன்றும் புரியவில்லை. தெரிந்த ஒன்றை ஏன் தெரியாத மாதிரி நடிக்கிறாள்? அப்பாவைப் போலவே நானும் அம்மாவைக் கவனிக்கத் தொடங்கியது அன்றிலிருந்துதான்.

கவனித்தால் எல்லாமே சந்தேகமாகத்தான் இருக்கும். அம்மா வரும் பஸ் தள்ளிப்போயிற்று. முன்பு அலுவலகத்துக் கதைகளை நிறையச் சொல்லுவாள். டைப்பிஸ்ட் அக்கா என்ன கறி கொண்டுவந்தாள், காலையில் பி.முட்லூர் நிறுத்தத்தில் ஏறும் சார் திரும்பும்போது பஸ்ஸில் துண்டு போட்டு எப்படி எல்லாருக்கும் இடம் பிடிப்பார் என்றெல்லாம். அந்த முட்லூர் சார் பேச்சு திடீரென்று நின்றுபோயிற்று. காலையில் கை நிறையப் போட்டுக்கொண்டு போகும் கண்ணாடி வளையல், மாலையில் குறைந்திருந்தது. கேட்டால், பஸ்ஸில் நெரிசல் என்றாள்.

பிறகு அந்தக் கன்றிப்போன தடம். அப்பா எப்போதும் அம்மாவின் வலது கையைத்தான் பிடிப்பார். தடம் இடது மணிக்கட்டில் இருந்தது. நான்கு விரல் அகலத்துக்கு நீலமாக. அம்மா சோறு போடும்போது தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள். அப்பா பார்த்தார். நானும் பார்த்தேன். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. சாம்பார் போதும் என்று மட்டும் சொன்னார். அவர் எதையும் கேட்காமல் விட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு கூடத்தில் பயிற்சி நின்றது. அப்பா மாலைகளில் என்னை மொபெட்டில் உட்காரவைத்துப் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிக்கொண்டு போவார். பழக்கடை ஓரம், பண்ருட்டியிலிருந்து வந்து இறங்கிய பலாப்பழக் குவியலுக்குப் பின்னால் நிற்போம். அம்மா எந்தப் பஸ்ஸில் இறங்குகிறாள், யாரோடு இறங்குகிறாள் என்று பார்ப்பார். அம்மா தனியாகத்தான் இறங்குவாள். அவள் நடக்கத் தொடங்கியதும் நாங்கள் வேறு வழியாக அவளுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடுவோம். அம்மா வந்து கதவைத் தட்டுவாள். அப்பா மூன்று தாழ்ப்பாளையும் நிதானமாகத் திறப்பார். பலாப்பழ வாசனை எங்கள் மேல் அடித்திருக்கும். அம்மா அதைக் கவனித்தாளா என்று தெரியாது.

ஒரு வெள்ளிக்கிழமை, அம்மா வேலைக்குப் போன பிறகு அப்பா கோர்ட்டுக்குப் போகவில்லை. மத்தியானம் சாப்பிட்டதும் என்னைப் பாவாடை மாற்றிக்கொள்ளச் சொன்னார். சிதம்பரம் கோயிலுக்கு என்றார். அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "அம்மாவுக்கு ஒரு சர்ப்ரைஸ்" என்றார். அப்பா அந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டதே இல்லை.

பஸ் முதுநகரைத் தாண்டும்போது கருவாட்டு வாசனை, ஆலப்பாக்கத்துக்கு அப்புறம் அனல் காற்று. பி.முட்லூரில் பஸ் நின்றபோது அப்பா, நிறுத்தத்தில் நின்ற ஒவ்வொரு ஆம்பிளையையும் உற்றுப் பார்த்தார்.

கோயிலுக்குப் போகவில்லை. அம்மாவின் அலுவலகத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. அதன் தட்டிக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்தோம். எனக்குப் பன்னீர் சோடா வாங்கித் தந்தார். கோயிலுக்கு எப்போது போகிறோம் என்று கேட்டேன்.

"கோபுரம் தெரியுதுல்ல. இங்கேர்ந்தே கும்புட்டுக்க."

கும்பிட்டுக்கொண்டேன். அம்மா தப்பு எதுவும் செய்யக் கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டேன். தப்பு என்றால் என்ன என்பதுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. அப்பாவின் முகத்தைப் பார்த்து, அது பெரியதாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அலுவலகம் விட்டார்கள். பெண்கள் ஒருவர் இருவராக வெளியே வந்து ஆளுக்கொரு பக்கம் போனார்கள். கடைசியில் அம்மா வந்தாள். அவளுக்குச் சற்றுப் பின்னால், கையில் மடித்த துண்டோடு ஒருவர். ஒல்லியாக, முன் தலையில் முடி இல்லாமல். இவர்தான் முட்லூர் சார் என்று யாரும் சொல்லாமலே எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. அம்மா பஸ் ஸ்டாண்ட் பக்கம் திரும்பவில்லை. மேலவீதியைப் பிடித்து ஒரு சந்துக்குள் போனாள். அவரும் போனார். நாங்கள் பின்தொடர்ந்தோம்.

சந்தில் ஒரு மாடி வீடு. வெளியே படிக்கட்டு. அம்மா ஏறிப் போனாள். அவர் ஏறவில்லை. படிக்கட்டின் கீழே நின்று, சந்தின் அந்தக் கோடியையும் இந்தக் கோடியையும் பார்த்தார். மாடி ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. உள்ளே யாரோ தரையில் காலை உதைப்பது போலத் தொம் தொம்மென்று சத்தம். அப்பாவின் கை என் தோளில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டார்.

அப்பா நேராகப் போனார். முட்லூர் சார் குறுக்கே வந்து நின்றார். "யாருங்க நீங்க? மேல லேடீஸ் இருக்காங்க, போவாதீங்க" என்றார். அப்பா அவரைத் தள்ளிவிட்டுப் படியேறினார். நானும் பின்னால் ஓடினேன்.

அது தையல் வகுப்பு நடக்கும் இடம். மெஷின்களைச் சுவரோரம் தள்ளி வைத்திருந்தார்கள். நடுவில் அம்மாவின் அலுவலகத்துப் பெண்கள். தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே நின்று, ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தரையில் வளையல் துண்டுகள். அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். டைப்பிஸ்ட் அக்காவுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஒரு நொடியில் புரிந்தது. அப்பாவுக்கும் புரிந்திருக்க வேண்டும். ஆனால் கடலூரிலிருந்து சுமந்துகொண்டு வந்த கோபம் அதற்கு முன்னால் கிளம்பிவிட்டது. இரண்டு எட்டில் போய் அம்மாவின் வலது கையைப் பிடித்து இழுத்தார். "என்னா நடக்குது இங்க?"

அம்மா திரும்பினாள். முழங்கை முன்னால் வந்தது, மணிக்கட்டு திரும்பியது, கை வெளியே போயிற்று. அத்தோடு நிற்கவில்லை. அந்தக் கேசட்டில் அடுத்து வருவது உள்ளங்கையால் நெஞ்சில் தள்ளுவது. அதையும் செய்தாள். அப்பா பின்னால் போய், வெட்டிப் போட்டிருந்த பிளவுஸ் துணிக் குவியலில் உட்கார்ந்துவிட்டார்.

கீழே சைக்கிள் மணி கேட்டது. டைப்பிஸ்ட் அக்கா மட்டும் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, மெல்லிய குரலில் சொன்னாள்: "கட்டைவெரல் பக்கம்னு சொன்னீங்களே அக்கா. இப்பதான் புரியுது."

அம்மா அப்பாவின் பக்கத்தில் மண்டியிட்டு அவர் கையை எடுத்துப் பார்த்தாள். கட்டைவிரல் அதற்குள் வீங்கத் தொடங்கியிருந்தது. "யாருன்னு பாக்கலங்க" என்றாள். அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். "சரி" என்றார்.

மூன்று பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து ஊர் திரும்பினோம். அப்பா ஜன்னலோரம், அம்மா இந்தப் பக்கம், நான் நடுவில். வெள்ளாற்றுப் பாலத்தில் காற்று வந்தபோது அப்பா கையை வெளியே நீட்டி விரலுக்குக் காற்றுக் காட்டினார். ஜாஸ்தி வலிக்கிறதா என்று அம்மா கேட்டாள். இல்லை என்றார். எங்கள் முன்னால் ஒருவர் இரண்டு கோழிகளைக் கால் கட்டி வைத்திருந்தார். கடலூர் வரும்வரை அவற்றைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து விளக்கேற்றிய பிறகு அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். என்னை உள்ளே போகச் சொல்லவில்லை. அலுவலகத்தில் அவர்களுக்கு மேலே இருந்த ஒருவர், டைப்பிஸ்ட் அக்காவை ரெக்கார்டு ரூமுக்கு ஃபைல் எடுக்க அனுப்பிவிட்டுத் தானும் பின்னாலேயே போவாராம். கதவைச் சாத்துவாராம். கையைப் பிடிப்பாராம். அந்த அக்காவுக்கு அப்பா இல்லை, அவள் சம்பளத்தில்தான் வீடு. யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? அவர் வாசலில் பூ வாங்கி எல்லாருக்கும் கொடுக்கிறவர், ஆயுத பூஜையை முன்னால் நின்று நடத்துகிறவர். சொன்னால் யார் நம்புவார்கள்? அம்மா தனக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்திருக்கிறாள். முட்லூர் சாருக்கு மட்டும் விஷயம் தெரியும். அந்த மேலதிகாரியின் பியூன் மோப்பம் பிடித்து வந்துவிடக் கூடாது என்று கீழே நின்றவர் அவர்.

அப்பா வீங்கிய விரலைத் தடவிக்கொண்டே கேட்டார், "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வேலைய விடச் சொல்லுவீங்க."

"விடத்தான் சொல்லுவேன்."

"அதான் சொல்லல."

திங்கட்கிழமையிலிருந்து போக வேண்டாம் என்றார் அப்பா. திங்கட்கிழமை காலையில் அம்மா அவருடைய சாப்பாட்டைக் கட்டி வைத்தாள். அவர் வலது கையில் கட்டுப் போட்டிருந்ததால் சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிட்டாள். அவர் முன்னாலேயே கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மேல் தாழ்ப்பாளைத் திறந்தாள், நடுவில் இருப்பதைத் திறந்தாள், குனிந்து கீழே இருப்பதையும் திறந்தாள். அப்பா நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுந்திருப்பார் என்றுதான் நினைத்தேன். எழுந்திருக்கவில்லை.

கோர்ட்டில் மொபெட்டிலிருந்து விழுந்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். கொஞ்ச நாள் பேனா பிடிக்க முடியாமல் கஷ்டப்பட்டார். வீட்டில் அவரும் அம்மாவும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார், "அந்தப் பொண்ணு எப்படி இருக்கு?"

அம்மா சொன்னாள். அவள் இன்னும் பயந்துதான் இருக்கிறாள், மற்றவர்களுக்கு வருவது அவளுக்கு வரவில்லை, யாரும் அந்தப் படத்தைப் பார்த்ததில்லையே, தான் சொல்வதை வைத்துத்தானே செய்கிறார்கள் என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்கள் அத்தனை பேரும் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அப்பாதான் வரச் சொன்னார். டெக்குக்குள் டேப் உரசும் தலையை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து வைத்தார், கேசட்டைப் போட்டுவிட்டு வெளியே போய் வாசல்படியில் உட்கார்ந்துகொண்டார். ஜன்னல் சாத்திய வீட்டுக்குள் இத்தனை பெண்கள், டெக் ஓடும் சத்தம், நடுநடுவே தொம்மென்று விழும் சத்தம். எதிர் வீட்டுக்காரர் வேலிக்கு வெளியே நின்று, உள்ளே என்ன படம் சார் என்று கேட்டார். அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். "பக்திப் படம்" என்றார். தெரு எங்களைப் பற்றி என்ன பேசியது என்று வெகுநாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். என் சினேகிதி ஒருத்தியை எங்கள் வீட்டுக்கு அனுப்புவதை அவள் அம்மா நிறுத்தியதும் அதனால்தான். ஊரையே சந்தேகப்பட்ட மனிதரை ஊரே சந்தேகப்பட்டது. அப்பாவுக்கு அது தெரியும். அவர் யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை.

டைப்பிஸ்ட் அக்காவுக்கும் கடைசியில் கையை விடுவித்துக்கொள்ள வந்தது. பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஒரு மாலை அம்மா வந்து சொன்னாள். அந்த மேலதிகாரி ரெக்கார்டு ரூமிலிருந்து விரலைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாராம். பீரோக் கதவில் நசுங்கிவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னாராம். அவரை யாரும் எதுவும் செய்யவில்லை. டைப்பிஸ்ட் அக்காவைத்தான் காற்று வராத ஒரு மூலைக்கு மாற்றினார்கள். அவர் ஓய்வு பெற்றபோது மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள். ஆனால் விரல் நசுங்கிய நாளிலிருந்து அவர் ரெக்கார்டு ரூமுக்குள் போனால் கதவைத் திறந்துவைத்துவிட்டுத்தான் போவாராம்.

மாமா வீடு கட்டி முடித்து டெக்கை எடுத்துக்கொண்டு போனார். கேசட்டை அப்பா கொடுக்கவில்லை. அது பூஞ்சை பிடித்து, பிறகு ஒரு புயலில் கூரை பிரிந்து வீடெல்லாம் நனைந்தபோது மற்றச் சாமான்களோடு போயிற்று. அதைத் தேடி யாரும் வருத்தப்படவில்லை.

பிற்காலத்தில் அப்பா அந்தக் கதையைக் கல்யாண வீடுகளில் சொல்லுவார். சிரித்துக்கொண்டே சொல்லுவார். ஒரு தடவை இருட்டில் இவள் பின்னால் போய்க் கையைப் பிடித்தேன், யாரென்று தெரியாமல் போட்டாள் பாருங்கள் ஒரு போடு என்பார். நல்ல வெயில் நேரத்தில், குழல்விளக்கு எரிந்த மாடியில் நடந்தது, அவர் சொல்லச் சொல்ல இருட்டாகிவிட்டது. நான் திருத்த வாயெடுத்தால் அம்மா வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். பந்தியில் இருப்பவர்கள் அம்மாவைப் பார்த்துச் சிரிப்பார்கள். அம்மா இலையைப் பார்த்துச் சிரிப்பாள். அப்பா அந்த மேலதிகாரியைப் பற்றியோ, டீக்கடைத் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததைப் பற்றியோ ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

அப்பா போய்ச் சில வருடங்களாகின்றன. முதல் திதி கொடுத்த மறுநாள், வந்தவர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு, நானும் அம்மாவும் மட்டும் கூடத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். எனக்கு இத்தனை காலம் கேட்கத் தைரியம் வராத ஒன்றைக் கேட்டேன்.

"அன்னிக்கு மாடியில... அப்பான்னு உனக்குத் தெரியாதாம்மா?"

அம்மா உரிப்பதை நிறுத்தவில்லை. "தெரியாம என்னா. அவரு கை எனக்குத் தெரியாதா?"

எனக்குப் பாவம் அப்பா என்று தோன்றிவிட்டது. "அவரு கடைசிவரைக்கும் நீ சொன்னத நம்பிக்கிட்டிருந்தாரேம்மா" என்றேன்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "யாரு, உங்கப்பாவா? ஒலகத்துல யாரையும் நம்பாத மனுஷன், இத மட்டும் நம்பிட்டாருன்னா நெனைக்கிற?" என்றாள். முறத்தை என் பக்கம் தள்ளினாள். "நம்புனதா வச்சிக்கிட்டாரு. அதுக்கப்பறந்தான் நாங்க ஒழுங்கா குடும்பம் நடத்துனோம்."